சுண்டெலி போதாதா? ஆய்வக விலங்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

ஃப்ளூ ஆராய்ச்சிக்கு ஃபெரட் என்ற பிராணியைத் தேடிப் போகிறார்களே, சுண்டெலி போதாதா? (மாணவி, பாலக்கோடு)

எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. "இந்தத் தடுப்பூசி எதிர்ப்புச் சக்தி தருகிறதா?" என்று பார்க்கச் சுண்டெலி போதும். "இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுமா?" என்றால் போதாது. கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள ஃபெரட்டுக்கு ஃப்ளூ வந்தால் நம்மைப் போலவே மூக்கு ஒழுகும், தும்மும். 1933-இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் நோயாளியின் தொண்டைநீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டுத்தான் மனித ஃப்ளூ வைரஸைப் பிடித்தார்கள். அப்புறம் நோயுற்ற ஒரு ஃபெரட் ஸ்மித்தின் முகத்திலேயே தும்ம, அவரும் காய்ச்சலில் படுத்தார். இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் காற்று மட்டும் போய்வர விட்டு, அடுத்த ஃபெரட்டுக்குத் தொற்றுகிறதா என்று பார்க்கிறார்கள்.

கொரோனாவுக்கு ஏன் ஹாம்ஸ்டர்? (ஆசிரியர், தேன்கனிக்கோட்டை)

முதலில் வந்த கொரோனா வைரஸால் சுண்டெலியின் செல்லைச் சரியாகப் பற்ற முடியவில்லை. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதத்தின் மனித மரபணுவைச் சேர்த்த சுண்டெலிகளில் பற்றியது. ஆனால் பல சமயம் மூளையையும் தாக்கியது. நுரையீரல் நோயைப் படிக்க வந்தவருக்கு அது குழப்பம்தான். எலி மாதிரியான சின்னப் பிராணி சிரியன் ஹாம்ஸ்டர்; அதற்கு எந்த மரபணு மாற்றமும் தேவையில்லை. தினமும் காலையில் சின்ன டப்பாவில் விட்டு எடை போட்டாலே நோயின் போக்கு தெரியும்: முதல் வாரம் இறங்கும், பிறகு ஏறும். கோவாக்சினையும் ஹாம்ஸ்டரில் சோதித்தார்கள்.

வயல் எலியைப் பிடித்துத் தரலாமா? (ஊத்தங்கரை)

வேண்டாம். அதற்கு ஏற்கெனவே என்ன நோய் இருக்கிறதென்று தெரியாது. எலிக்காய்ச்சல் கிருமி உங்களுக்கே தொற்றலாம்.

வீட்டில் ஹாம்ஸ்டர் வளர்க்கிறோம். பயப்படணுமா? (ஓசூர்)

2022 ஜனவரியில் ஹாங்காங்கில் கடை ஹாம்ஸ்டர்களிடமிருந்து மனிதருக்குக் கொரோனா தொற்றியது உண்மை. ஆனால் அது அரிது. உங்களிடமிருந்து அதற்குப் போவதையும் யோசியுங்கள். சளி, இருமல் இருக்கும்போது தீனி வைக்கும் வேலையை வேறொருவரிடம் விடுங்கள்.

அந்த ஜீவன்களுக்கு வலிக்காதா? (அரூர்)

வலிக்கும். இதைப் பூசி மெழுகக் கூடாது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குச் சோதனைகளைப் பரிசீலிக்கும் நெறிக்குழு அனுமதி தராமல் ஒரு சுண்டெலியைக்கூடத் தொட முடியாது. செல் வளர்ப்பில் முடியாதா, இத்தனை விலங்கு எதற்கு, எந்த அளவுக்கு எடை குறைந்தால் வேதனையை அங்கேயே முடிப்பீர்கள் என்றெல்லாம் சோதனைக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். எடை அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால், இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமே என்று நீட்டக் கூடாது.