நிறுத்தி வைத்தால் இறங்கிப்போகும் பற்றரி: கசிவைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது பழைய டொல்பின் வான், டீசல். கிழமை நாட்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். அந்த நாட்களில் திறப்பைத் திருப்பியவுடன் ஸ்டாட் ஆகிறது. வெள்ளி பின்னேரம் நிறுத்தினால் திங்கள் காலை 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். பிள்ளைகள் வீதியில் காத்து நிற்க, பக்கத்து வீட்டிலிருந்து வேறு பற்றரி தூக்கிவந்து எடுக்கிறேன். ஒன்றரை வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றிவிட்டேன். சார்ஜ் 14.1 வோல்ற், அது சரி என்று கராச்சில் சொன்னார்கள். இப்போது மூன்றாவது பற்றரி போடச் சொல்கிறார்கள். போடவா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், தம்பி. நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஓடுகிற நாளில் குறை இல்லை, நிற்கிற நாளில்தான் குறை. எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டினால் பற்றரிக்குச் சார்ஜ் போகிறது என்று எடுக்கலாம். ஆகவே மிஞ்சுவது இரண்டு சந்தேகம். பற்றரி தனக்குள்ளேயே இறங்குகிறது, அல்லது திறப்பை எடுத்த பிறகும் வானுக்குள் ஏதோ ஒன்று கரண்டைக் குடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பற்றரி அடுத்தடுத்துப் போனதால் நான் இரண்டாவதைத்தான் கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன். ஆனாலும் அளந்து பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

முதல் சோதனைக்கு ஒரு 10ஆம் நம்பர் ஸ்பனரும் சாதாரண மல்டிமீற்றரும் போதும். வெள்ளி பின்னேரம் வானை நிறுத்தியதும் பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி, முனையில் படாதபடி ஒதுக்கி விடுங்கள். சனி காலை பற்றரியின் வோல்ற்றை அளந்து எழுதி வையுங்கள். திங்கள் காலை மறுபடி அளவுங்கள். நிறைந்த பற்றரி 12.6 அளவில் நிற்கும். 12.2 என்றால் பாதி போய்விட்டது, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். வயர் கழற்றியிருந்தும் வோல்ற் விழுந்தால் குற்றம் பற்றரியில். உத்தரவாதக் காலம் இருந்தால் அந்த இரண்டு எண்ணையும் காட்டி மாற்றித் தரச் சொல்லலாம். விழாமல் நின்று, வயரைப் பூட்டியதும் வான் முன்பு போல ஸ்டாட் ஆனால் கசிவு வானுக்குள்தான்.

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது மைனஸ் கடைசியில். இதை மாற்றிச் செய்தால் பிளஸில் வைத்த ஸ்பனர் வானின் இரும்புப் பொடியில் (உடலில்) தட்டுப்பட்டு நெருப்பு பறக்கும். சார்ஜ் ஆன பற்றரியிலிருந்து வருகிற ஐதரசன் வாயு ஒரு பொறியிலேயே வெடிக்கக்கூடியது. மோதிரத்தைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அப்படியே பற்றரியின் மேல் பக்கத்தையும் பாருங்கள். நம் பக்கத்துச் செம்மண் தூசி படிந்து, அதில் அசிட் ஈரம் ஊறினால் அந்த அழுக்கே ஒரு வயர் போல வேலை செய்யும். மீற்றரை வோல்ற்றில் வைத்து, கறுப்புக் கம்பியை மைனஸ் முனையில் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கம்பியை பிளாஸ்டிக் மூடியின் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் ஒன்றும் காட்டக் கூடாது. சில வோல்ற் காட்டினால் மேலால் கசிகிறது. இளஞ்சுடு தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து, மூடித் துளைகளுக்குள் போகாமல் துடைத்துக் காயவிட்டால் போதும். தண்ணீர் விடுகிற பற்றரி என்றால் காய்ச்சி வடித்த தண்ணீரை மட்டும் விடுங்கள். கேத்தலில் வெள்ளைப் படிவு விடுகிற எங்கள் கிணற்றுத் தண்ணீர் பற்றரிக்கு ஆகாது.

இனி முக்கியமான அளவை. வானுக்குப் போகிற கரண்ட் முழுவதும் மீற்றருக்குள்ளால் போக வேண்டும். மீற்றரின் சிவப்புக் கம்பியை 10 அம்பியர் துளையில் செருகி, மீற்றரின் குமிழையும் 10 அம்பியருக்குத் திருப்புங்கள். திறப்பை எடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, கதவுகளைச் சாத்துங்கள். சாத்தாமல் வேலை செய்வதென்றால் கதவுச் சுவிச்சை அமத்திக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உள் லைற் எரிந்து கணக்கைக் குழப்பும். மைனஸ் வயரைக் கழற்றி, கழற்றிய வயரின் தலைக்கும் பற்றரியின் மைனஸ் முனைக்கும் நடுவில் மீற்றரின் இரண்டு கம்பிகளையும் பிடியுங்கள். இந்த நிலையில் திறப்பைத் திருப்பவே கூடாது. டீசல் எஞ்சினைச் சூடாக்குகிற ஹீற்றர் பிளக்கும் ஸ்டாட்டரும் இழுக்கிற இழுவைக்கு மீற்றர் எரிந்துபோகும். கம்பி 10 அம்பியர் துளையில் இருக்கும்போது மறந்துபோய் பிளஸிலும் மைனஸிலும் வைத்து வோல்ற் பார்க்கவும் கூடாது, அது நேரடி ஷோட்.

தொட்டவுடன் எண் துள்ளும். அலாரம் பூட்டியிருந்தால் பத்து நிமிடமாவது பொறுங்கள். எண் அடங்கியதும் 0.02 அல்லது 0.03 நின்றால் மணிக்கூடும் பாட்டுச் செற்றின் நினைவும் எடுப்பது, பயமில்லை. 0.05க்கு மேல் போனால் தேட வேண்டும்.

அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 5 வாற் பல்ப் ஒன்று எரிந்தால் 0.4 அம்பியருக்குக் கொஞ்சம் மேல். வெள்ளி பின்னேரம் முதல் திங்கள் காலை வரை ஏறக்குறைய 60 மணித்தியாலம். பெருக்கிப் பாருங்கள், 25 அம்பியர் மணி. உங்கள் வானில் 70 அம்பியர் மணி பற்றரி என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நின்ற இடத்திலேயே போய்விடுகிறது. முன்பே பலமுறை ஒட்ட இறங்கிய பற்றரியில் டீசல் எஞ்சினைச் சுழற்ற மிச்சம் எங்கே இருக்கும்? நீங்கள் சொல்கிற 'டிக்' இந்தக் கணக்கோடு அச்சாகப் பொருந்துகிறது. இருட்டில் யாரும் பார்க்காத ஒரே ஒரு பல்ப் இதைச் செய்யப் போதும்.

அதனால் பியூஸைத் தொடுவதற்கு முன், மீற்றரைக் கழற்றி வயரைப் பூட்டிவிட்டு, இரவில் ஒருமுறை வானைச் சுற்றி நடந்து பாருங்கள். பிரேக் மிதிக்குப் பின்னால் உள்ள சிறு ரப்பர் உக்கி விழுந்தால் பிரேக் லைற் அணையாது. சாமிப் படத்துக்குப் போட்ட குட்டி பல்ப், படியில் உள்ள லைற், டாஷ்போட் பெட்டிக்குள் இருக்கிற லைற் எல்லாவற்றையும் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் எரிகிறதா என்று அறிய போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடினால் தெரிந்துவிடும்.

இதில் ஒன்றும் அகப்படாவிட்டால் மீற்றரை மறுபடி பூட்டி பியூஸ்களைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும் முன் பியூஸ் பெட்டியைப் போனில் படம் எடுத்து வைத்தால் எதை எங்கே போடுவது என்று தடுமாற வேண்டியதில்லை. ஒன்றைக் கழற்று, எண்ணைப் பார், திரும்பப் போடு. எதைக் கழற்றும்போது 0.4 சடாரென்று 0.02க்கு விழுகிறதோ அந்தப் பாதையில்தான் கள்ளன் இருக்கிறான். உதவிக்கு ஒருவர் மீற்றரைப் பார்த்துச் சொன்னால் அரை மணித்தியால வேலை.

எல்லா பியூஸையும் பார்த்தும் எண் அசையாவிட்டால் சோர்ந்துவிடாதீர்கள். உங்கள் வானில் அப்படித்தான் ஆகும் என்று எனக்கு ஒரு யோசனை. 2020 மார்ச்சில் இலங்கையில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அந்தக் காலம் முழுவதும் பழைய வான்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. கை மாறும்போதெல்லாம் ஒரு புதுச் செற், கலர் லைற், அலாரம், ரிவேர்ஸ் கமெரா. பூட்டியவர்கள் பலர் பியூஸ் பெட்டிக்குப் போகாமல் பற்றரியின் பிளஸ் முனையிலேயே வயரைச் சொருகிவிட்டார்கள். உங்கள் பிளஸ் முனையில் எத்தனை வயர் நிற்கிறது என்று எண்ணுங்கள். மெல்லிய வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீற்றரைப் பாருங்கள். நான் கண்டவற்றில் அடிக்கடி அகப்படுவது பாட்டுச் செற்றின் அம்பிளிபயர். அதை எழுப்புகிற மெல்லிய வயரை திறப்போடு அணையும் இடத்தில் கொடுக்காமல் நேரே பற்றரியில் கொடுத்திருப்பார்கள். பாட்டு நின்றாலும் அது தூங்காது.

அடுத்தது டைனமோ, அதாவது ஓல்ட்டனேற்றர். அதற்குள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோட்டு கெட்டால் பகலில் சார்ஜ் கொடுத்துக்கொண்டே இரவில் பற்றரியை இறக்கும், 14.1 காட்டிக்கொண்டே இதைச் செய்யக்கூடியது. பரந்தன் பக்கம் ஒரு லொறியில் இதைக் கண்டேன். மார்கழி விடியற்காலை, ஐந்து மணி இருக்கும். எஞ்சின் இரும்பில் கை வைத்தால் சில்லென்றது, பனி ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது. டைனமோவைத் தொட்டால் அடைக்கோழி எழும்பிப் போன முட்டை மாதிரி இளஞ்சூடு. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் அது சுட ஒரு காரணமும் இல்லை. நீங்களும் திங்கள் காலை திறப்பைத் தொடும் முன் டைனமோவைத் தொட்டுப் பாருங்கள். கசிவு சிறிதென்றால் சூடு தெரியாது. அப்போது பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு டைனமோவின் தடித்த வயரைக் கழற்றி, தலையை ரேப்பால் சுற்றி, மீற்றரோடு மறுபடி பாருங்கள். எண் விழுந்தால் டயோட்டை மாற்ற வேண்டும், டைனமோ முழுவதையும் மாற்றத் தேவையில்லை. ஹீற்றர் பிளக்குக்குக் கரண்ட் விடுகிற சுவிச்சான ஹீற்றர் றிலே ஒட்டிப்போவதும் உண்டு, ஆனால் அது பல அம்பியர் இழுக்கும். இரண்டு நாள் தாங்காது, அன்றிரவே பற்றரி படுத்துவிடும்.

கண்டுபிடித்த இடத்தை வயரை முறுக்கி ரேப் சுற்றி மூடிவிடாதீர்கள். மாரி மழை ஒன்று போனால் அந்த மூட்டில் பச்சைக் களிம்பு ஏறும். ஈயம் வைத்து ஒட்டி, பற்றரிக்குக் கிட்டவே ஒரு பியூஸும் போடுங்கள். எலி கடித்த வயர் என்றால் கடிபட்ட துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் இணையுங்கள்.

இப்போது இருக்கிற பற்றரியை உடனே வீசவும் வேண்டாம். சார்ஜரில் 7 அம்பியர் அளவில் மெதுவாக ஓர் இரவு ஏற்றி, கசிவு அடைத்த பிறகு முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒட்ட இறங்கிய நிலையில் பல நாள் கிடந்த பற்றரியின் தகட்டில் வெள்ளைப் படிவு இறுகியிருக்கும், அது முழுதாக மீளாது. கொஞ்ச நாள் மட்டும் கிடந்தது என்றால் இன்னும் ஒரு வருடம் உழைக்கலாம்.

அதுவரை வெள்ளி பின்னேரம் மைனஸைக் கழற்றி வையுங்கள், திங்கள் காலை பிள்ளைகள் காத்து நிற்க வேண்டியதில்லை. மீற்றரில் வந்த எண்ணையும், எந்த வயரில் அது விழுந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.