ஏற்றுமதிப் பணமும் கடன் ஆபத்தும்: கேள்வி பதில்

வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் ஏற்றுமதி ஆவணங்களைச் சரிபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கரூர், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியாளர்: ஐயா, எங்களுக்கு முதன்முறையாக எல்.சி. (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக இறக்குமதியாளரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) வந்திருக்கிறது. எல்.சி. கையில் இருந்தால் பணம் வந்த மாதிரிதான் என்கிறார்கள். நம்பலாமா?

ஆவணங்கள் பிழையின்றி இருந்தால் நம்பலாம். எல்.சி.யைத் திறந்த வங்கி உங்கள் மேசை விரிப்பைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. பில்லையும் (இன்வாய்ஸ்) கப்பல் ரசீதையும்தான் (பில் ஆஃப் லேடிங்) பார்க்கும். 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும், எல்.சி.க்கான சர்வதேச விதிகளான யு.சி.பி. 600இன் 5ஆம் பிரிவு, வங்கிகள் ஆவணங்களைக் கையாளுகின்றனவே தவிரச் சரக்கை அல்ல என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆகவே சரக்கு அருமையாக இருந்தும், இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், அல்லது கப்பலேற்றிய 21 நாட்களுக்குள் ஆவணங்கள் கொடுக்கப்படாவிட்டால், வங்கி பணம் தர மறுக்கலாம். அப்போது முடிவு இறக்குமதியாளரின் விருப்பத்துக்குப் போய்விடுகிறது. சந்தை விலை இறங்கியிருக்கும் காலத்தில் அவர் தள்ளுபடி கேட்காமல் அந்தப் பிழையை ஏற்பது அரிது.

உங்கள் பக்கமும் ஒரு பாதுகாப்பு உண்டு. ஆவணம் கிடைத்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலைநாட்களுக்குள், எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் சொல்லித்தான் வங்கி மறுக்க வேண்டும். பிறகு புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்ல அதற்கு உரிமையில்லை. மறுப்பு வந்தால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.

எல்.சி. வந்த அன்றே, நூல் வாங்கும் முன்பே, அதை வரிவரியாகப் படியுங்கள். 'இறக்குமதியாளரின் பிரதிநிதி கையெழுத்திட்ட ஆய்வுச் சான்றிதழ் வேண்டும்' என்ற வரி இருந்தால், பணத்தின் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது என்று பொருள். அதை நீக்கும்படி திருத்தம் கேளுங்கள். தறியில் ஏற்றிய பிறகு கேட்டால் யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.

தூத்துக்குடி, காய்கறி ஏற்றுமதியாளர்: கொழும்பில் எங்கள் வியாபாரி நாணயமானவர். எல்.சி.யும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் 2022இல் பணம் மாதக்கணக்கில் நின்றுபோனது. குறை எங்கே?

வியாபாரியிடமும் இல்லை, ஆவணத்திலும் இல்லை. அவர் தம் வங்கியில் இலங்கை ரூபாயைக் கட்டியிருப்பார். அதை டாலராக மாற்றித் தர நாட்டிலேயே டாலர் இல்லை. 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அரசே வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வாங்குபவர், அவருடைய வங்கி, அவருடைய நாடு என்ற மூன்று ஆபத்துகளில் எல்.சி. முதலாவதை மட்டுமே விலக்குகிறது. மற்ற இரண்டும் அப்படியே நிற்கின்றன.

அவற்றை விலக்கவே உறுதிப்படுத்திய எல்.சி. என்ற ஏற்பாடு இருக்கிறது. வேறொரு வங்கி கட்டணம் பெற்றுக்கொண்டு, திறந்த வங்கி தராவிட்டாலும் நான் தருகிறேன் என்று தன் உறுதியைச் சேர்க்கும். எல்.சி.யை உங்களுக்குத் தெரிவிக்கும் வங்கி அப்படி எந்தப் பொறுப்பையும் ஏற்பதில்லை. நம் ஊர் வங்கி வழியாக வந்ததால் நம் வங்கியே பொறுப்பு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். ஒரு நாடு தடுமாறத் தொடங்கிய பிறகு உறுதிப்படுத்தும் வங்கி கிடைப்பது கடினம், கிடைத்தாலும் கட்டணம் லாபத்தை விழுங்கிவிடும். அந்நிலையில் முன்பணம் இல்லாமல் ஏற்றாதிருப்பதே மேல்.

வெங்காயம் போன்ற காய்கறிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கொழும்புக்குக் கப்பல் ஓரிரு நாளில் சேர்ந்துவிடும். வங்கி வழியாகப் போகும் காகிதம் அதற்குப் பின்தான் சேரும். அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு காகிதத்துக்காகக் காத்திருக்க முடியாது.

பொள்ளாச்சி, தென்னை நார் ஏற்றுமதியாளர்: துருக்கிக்கு டி.பி. (பணம் கட்டினால் ஆவணம்) முறையில் அனுப்பலாமா? பணம் கட்டினால்தான் வங்கி காகிதம் கொடுக்கும் என்பதால் பயமில்லை என்கிறார்கள்.

பணம் கட்டாமல் சரக்கை எடுக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அவர் எடுக்கவே வராவிட்டால் என்ன செய்வது? டி.பி.யில் வங்கி வெறும் தூதர். வங்கி வழியாகப் பணம் வசூலிப்பதற்கான, 1996 முதல் வழக்கிலுள்ள யு.ஆர்.சி. 522 விதிகளின்படி அதற்குப் பணம் தரும் கடமை கிடையாது. சரக்கு துறைமுகத்தில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் டெமரேஜும் (தாமதக் கட்டணம்) கன்டெய்னர் வாடகையும் ஏறும். துருக்கியில், முதலில் பெயர் குறிக்கப்பட்ட இறக்குமதியாளர் சம்மதக் கடிதம் தராமல் சரக்கை வேறொருவருக்கு விற்கவோ திருப்பி எடுக்கவோ சுங்கத்துறையில் பெரும்பாடு; அந்தக் கடிதத்தைக் காட்டியே விலையைக் குறைக்கக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனவே சரக்கு போய்த் திரும்பி வரச் செலவாகும் கப்பல் கட்டணத்தையேனும் முன்பணமாக வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். விமானத்தில் அனுப்பினால் ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) உரிமை ஆவணமே அல்ல. இறக்குமதியாளர் பெயரில் போட்டால், காகிதம் வங்கியில் இருக்கும்போதே சரக்கு அவர் கிடங்குக்குப் போய்விடும்.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதியாளர்: இங்கிலாந்தின் பெரிய கடைத்தொடர் ஒன்று 90 நாள் கடனில் ஆர்டர் தருகிறது. எல்.சி. கிடையாது. பெயர் பெற்ற பையர் (வாங்குபவர்) என்பதால் துணியலாமா?

பெயரை வைத்துத் துணிய வேண்டாம். பி.எச்.எஸ். 2016இல் சரிந்தது, டெபன்ஹாம்ஸ் 2020 ஏப்ரலிலும் ஆர்கேடியா அதே ஆண்டு நவம்பரிலும் திவால் நிர்வாகத்துக்குள் போயின. மூன்றும் வீதிக்கு வீதி தெரிந்த பெயர்கள்தான். அதேசமயம் பெரிய கடைத்தொடர்கள் எல்.சி. திறப்பதை விட்டுப் பல காலமாகிவிட்டது; கடன் தர மாட்டேன் என்றால் ஆர்டர் வேறு ஊருக்குப் போகும். ஆகவே கடனைத் தவிர்ப்பதை விட, அதைக் காப்பீடு செய்வதே உங்களுக்கு உள்ள வழி.

1957இல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான ஈ.சி.ஜி.சி. இதற்காகவே இருக்கிறது. பாலிசி எடுத்தால் போதும் என்று நினைப்பது தவறு. இந்தப் பையருக்கு இவ்வளவு என்று கடன் வரம்பு வாங்க வேண்டும், அனுப்பிய சரக்கை உரிய காலத்தில் தெரிவிக்க வேண்டும், தவணை தவறினால் அதையும் உடனே சொல்ல வேண்டும். வரம்பு ஆர்டரை விடச் சிறியதாக இருந்தால், முதல் தவணைப் பணம் வந்தபின் அடுத்ததை ஏற்றுங்கள். அப்படியும் இழப்பு முழுவதையும் ஈ.சி.ஜி.சி. தருவதில்லை, ஒரு பங்கு உங்கள் தலையில்தான்.

முக்கியமாக, தரத் தகராறு தீரும்வரை அது இழப்பீடு தராது. பணமில்லாத பையர் பணமில்லை என்று எழுத மாட்டார். தையல் கோணல், நிறம் ஒத்துவரவில்லை என்றுதான் எழுதுவார். ஒப்புதல் முத்திரையிட்ட மாதிரி, இறுதி ஆய்வறிக்கை, மின்னஞ்சல்கள் ஆகியவற்றை பில் தீரும்வரை பத்திரப்படுத்துங்கள். கப்பல் கட்டணத்தைப் பையர் ஏற்கும் எஃப்.ஓ.பி. ஆர்டரில், பையரே அமர்த்தும் ஃபார்வர்டரிடமும் (சரக்கு அனுப்பும் முகவர்) கவனம் தேவை. அவர் தம் பெயரில் தரும் ரசீதான ஹவுஸ் பில்லை வைத்துக்கொண்டிருப்பது கப்பல் நிறுவனத்தின் பில்லை வைத்திருப்பதற்கு ஈடாகாது, அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் பையர்.

வங்கியில் பில்லை டிஸ்கவுன்ட் செய்துவிட்டால் (பில்லைக் கொடுத்து முன்கூட்டியே பணம் பெற்றுவிட்டால்) ஆபத்து கைமாறிவிட்டதாகவும் நினைக்காதீர்கள். பையர் கட்டாவிட்டால் வங்கி வட்டியோடு உங்கள் கணக்கில்தான் பிடிக்கும். திரும்பக் கேட்கும் உரிமையில்லாத ஃபேக்டரிங்கில் (வரவேண்டிய பில் பணத்தை நிதி நிறுவனத்துக்கு விற்பதில்) மட்டுமே பையர் திவாலாகும் ஆபத்து உண்மையில் கைமாறுகிறது, அதிலும் தரத் தகராறு விலக்கு.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: 30 சதவீதம் முன்பணம், மீதி பில் ஆஃப் லேடிங் நகலைக் கண்டதும் என்று பேசியிருக்கிறோம். பையர் ஸ்விஃப்ட் நகல் (வங்கி பணம் அனுப்பியதைக் காட்டும் செய்தி) அனுப்பியிருக்கிறார். சரக்கை விடுவிக்கலாமா?

கூடாது. ஸ்விஃப்ட் நகலைக் கணினியில் யாரும் தயாரிக்கலாம்; உங்கள் கணக்கில் வரவு விழுந்ததாக உங்கள் வங்கி சொன்ன பிறகே அசல் பில் ஆஃப் லேடிங்கை அனுப்புங்கள் அல்லது சரண் செய்யுங்கள் (அசலைக் கப்பல் நிறுவனத்திடமே ஒப்படைத்து, அங்கே சரக்கை விடுவிக்கச் சொல்லுங்கள்). உங்கள் மின்னஞ்சலுக்குள் புகுந்து, கணக்கு எண் மாறிவிட்டது என்று உங்கள் பெயரிலேயே பையருக்கு எழுதும் திருடர்களும் இருக்கிறார்கள். கணக்கு மாற்றத்தைத் தொலைபேசியில் குரல் கேட்டு உறுதி செய்யாமல் ஏற்க வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

திருப்பூர், இன்னொரு உறுப்பினர்: திவாலான பையரிடம் ஒரு பில் சிக்கியிருக்கிறது. போனது போகட்டும் என்று விட்டுவிடலாமா?

பணத்தை மனத்தில் விடலாம், கணக்கில் விட முடியாது. அந்த ஷிப்பிங் பில் (சுங்க ஏற்றுமதி ஆவணம்), ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் ஈ.டி.பி.எம்.எஸ். அமைப்பில் திறந்தே கிடக்கும். பெற்ற டிராபேக் தொகையை (ஏற்றுமதிக்காகத் திருப்பித் தரப்பட்ட வரி) சுங்கத்துறை திருப்பிக் கேட்கும். திவால் நிர்வாகியிடம் கடன் கொடுத்தவர் என்று உரிமை கோரி மனு அளித்து, அவர் தரும் ஒப்புகையை வைத்து ஈ.சி.ஜி.சி.யில் கோரிக்கை தாக்கல் செய்யுங்கள். எஞ்சிய தொகையைத் தள்ளுபடி செய்ய உங்கள் வங்கி வழியாக விண்ணப்பித்து, அனுமதிக் கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.