மழைப்பாட்டை எப்போது வெளியிடுவது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சொந்தமாகப் பாட்டு எழுதி, இசையமைத்து, இணையத்தில் வெளியிடுகிறவன் நான். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. இப்போது மழையை வைத்து ஒரு பாட்டு முடித்திருக்கிறேன். மாஸ்டரிங்கும், அதாவது கடைசி ஒலிச் சீரமைப்பும், ஆகிவிட்டது. ஆனால் வெளியே வெயில் கொளுத்துகிறது. மழைக்காலம் வரை பொறு என்கிறார்கள் நண்பர்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பருவத்துக்கும் பாட்டு கேட்பதற்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இல்லை, கம்பெனிகள் வெளியிடுகிற நேரத்துக்கு நாம் பழகிப்போனதுதானா? இந்த வெயிலில் உட்கார்ந்து மழைப்பாட்டு எழுதியதே தப்போ என்றுகூடத் தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிச் சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். வெயிலில் மழைப்பாட்டு எழுதியதில் தப்பே இல்லை. உலகம் முழுக்கக் கேட்கிற பனிக்காலப் பாடல்களில் சில கடும் கோடையில் பிறந்தவை.

1945 ஜூலையில் கலிஃபோர்னியாவில் நல்ல வெயில். மெல் டார்மே என்கிற இளம் பாடகர், கூட எழுதும் பாப் வெல்ஸின் வீட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு நோட்டில் பென்சிலால் நான்கு வரிகள் கிறுக்கியிருக்கின்றன. நெருப்பில் வாட்டும் செஸ்ட்நட் கொட்டை, மூக்கு நுனியைக் கடிக்கும் குளிர், இப்படி. என்ன இது என்று கேட்டால், வெக்கை தாங்கவில்லை, குளிரானதாக எதையாவது நினைத்து எழுதினால் உடம்பு கொஞ்சம் தணியுமா என்று பார்த்தேன் என்கிறார் வெல்ஸ். இரண்டு பேரும் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்துக்குள் பாட்டை முடித்துவிட்டார்கள். டார்மே பின்னாளில் சொன்ன கதை இது. அதுதான் 'தி கிறிஸ்துமஸ் சாங்'. அதே ஜூலையில், அதே வெயிலில், ஹாலிவுட்டில் பாடலாசிரியர் சாமி கானும் இசையமைப்பாளர் ஜூல் ஸ்டைனும் 'லெட் இட் ஸ்னோ' என்கிற பனிப்பாட்டை எழுதினார்கள். அதற்கும் மூன்று வருடம் முன்னால், பாடகர் பிங் கிராஸ்பி 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடலை லாஸ் ஏஞ்சலஸில் பதிவு செய்தது மே மாதக் கடைசியில்.

எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மழை கொட்டும்போது யாருக்கும் மழையைக் கற்பனை செய்யவேண்டிய அவசியம் இல்லை. கையில் இல்லாத பருவத்தைத்தான் மனம் விவரம் விவரமாகக் கூட்டிப் பார்க்கும். அதனால் உங்கள் பாட்டு சரியான நேரத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கேட்கிறவர் விஷயம் வேறு. அவருக்கு ஜன்னலுக்கு வெளியே நடப்பதோடு ஒத்துப்போகிற பாட்டு வேண்டும். இது பழக்கம் மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் முழுக்க அதுவே இல்லை.

2019-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 51 நாடுகளில் 10 லட்சம் பேர் இணையத்தில் கேட்ட பாடல்கள், மொத்தம் 76.5 கோடி முறை ஒலித்தவை. அதையெல்லாம் அலசிப் பார்த்தார்கள். பின்னிரவில் மக்கள் அமைதியான பாட்டுக்குப் போகிறார்கள், வேலை நேரத்தில் துடிப்பான பாட்டுக்கு. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பருவத்துக்குப் பருவம் ரசனை மாறுவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம், வடக்குப் பாதியா தெற்குப் பாதியா என்பதைப் பொறுத்து அது மாறுகிறது. பகல் எவ்வளவு நீளம் என்பதோடுதான் அது அதிகமாகப் பொருந்திவருகிறது. பகல் கூடிக்கொண்டு வருகிறதா, குறைந்துகொண்டு போகிறதா என்பது அவ்வளவு பொருந்தவில்லை. அதாவது நாள்காட்டியைத் தொடாமலே, வெளிச்சம் தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கிறது.

2023-இல் வந்த இன்னோர் ஆய்வு உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. பிரிட்டனின் தரவரிசைப் பட்டியல்களில் 60 வருடங்களுக்கும் மேலாக இடம்பிடித்த 20,000-க்கும் அதிகமான பாடல்களை அங்கத்திய வானிலையோடு ஒப்பிட்டார்கள். வெயிலான, இதமான மாதங்களில் உற்சாகமான, துள்ளலான பாட்டுகள் மேலே வந்திருக்கின்றன. மழை மாதங்களில் அவை இறங்கியிருக்கின்றன. சோகமான, மெதுவான பாட்டுகளுக்கும் வானிலைக்கும் மட்டும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. மகிழ்ச்சிக்குப் பருவம் இருக்கிறது, துக்கத்துக்கு இல்லை. இதைப் படித்ததிலிருந்து என் மனதில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதற்கு முன் நாள்காட்டியின் பங்கு. தெற்குப் பாதி நாடுகளில் கிறிஸ்துமஸ் வருவது நடுக்கோடையில். அங்கேயும் டிசம்பரில் பனிப்பாட்டுகள் ஒலிக்கத்தான் செய்கின்றன. இங்கே வானிலைக்கு வேலையே இல்லை, பண்டிகைத் தேதிதான் எல்லாம். ஆக, பருவப் பாட்டு என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் வெளிச்சமும் வானிலையும் ஒரு பக்கம், தேதி இன்னொரு பக்கம் என்று இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. கம்பெனிகள் நம்புவது பெரும்பாலும் தேதியை. காரணம் எளிது, தேதி ஏமாற்றாது. இசைத்தட்டுக் காலத்திலிருந்தே பெரிய ஆல்பங்கள் அக்டோபர், நவம்பரில் குவிவது கிறிஸ்துமஸுக்குப் பரிசு கொடுக்கக் கடைக்கு வருகிற கூட்டத்துக்காகத்தான். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வந்தது 1982 நவம்பர் கடைசியில். ஆனால் அதை அமெரிக்கத் தரவரிசையின் உச்சியில் 37 வாரம் வைத்திருந்தது அந்தப் பரிசுக் காலம் அல்ல. பருவம் ஒரு பாட்டுக்குக் கதவைத் திறந்துவிடலாம், அதற்கப்புறம் பாட்டுதான் நடக்கவேண்டும். 2017-இல் வட பாதி நாடுகளின் கோடை முழுக்க ஒலித்த 'டெஸ்பாசிட்டோ' என்கிற ஸ்பானிஷ் பாட்டு வெளியானது ஜனவரியில், நடுக்குளிரில். பல மாதம் மெல்ல மெல்லப் பரவி, மே மாதம்தான் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது.

ஸ்ட்ரீமிங் வந்தபின் இந்தக் கணக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் தட்டை ஒருமுறை வாங்கினால் சரி, அதற்கப்புறம் வீட்டில் வருடா வருடம் போட்டுக் கேட்டாலும் யாருக்கும் தெரியாது. இப்போது ஒவ்வொரு முறை கேட்பதும் எண்ணப்படுகிறது. 1984-இல் பிரிட்டனில் இரண்டாம் இடத்தோடு நின்றுபோன 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' அங்கே முதலிடம் பிடித்தது 2021-இன் முதல் நாளில். மரையா கேரியின் 1994 கிறிஸ்துமஸ் பாட்டு அமெரிக்காவில் முதலிடம் வந்தது 2019 டிசம்பரில். பருவப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய நல்ல செய்தி என்று நினைக்கிறேன். முதல் வருடம் பத்துப் பேர் கேட்டாலும் அந்தப் பாட்டு முடிந்துபோவதில்லை. அடுத்த பருவம் வரும்போது அது மறுபடியும் வரலாம்.

சரி, உங்கள் பாட்டுக்கு வருவோம். நான் அதைக் கேட்டதில்லை. அதனால் ஒரு கேள்வி: பாட்டு மழையைப் பற்றியதா, இல்லை வேறெதையோ பற்றிய பாட்டில் மழை பெய்கிறதா? ஒருவர் போய்விட்ட துக்கம்தான் பாட்டு, மழை அதன் பின்னணி என்றால், காத்திருக்கத் தேவையே இல்லை. வெயிலில் கேட்கிறவருக்கும் அந்தத் துக்கம் புரியும். மழையில் நனைகிற சந்தோஷம்தான் பாட்டு என்றால் பொறுத்திருங்கள், நண்பர்கள் சொல்வது சரி.

ஆனால் பொறுப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பண்டிகைக்கு நாள் தெரியும், மழைக்குத் தெரியாது. முதல் மழை விழட்டும், அப்புறம் வெளியிடலாம் என்று உட்கார்ந்தால் ரயில் போய்விடும். மழை எதிர்பார்க்கப்படும் நாளுக்கு மூன்று நான்கு வாரம் முன்னாலேயே பாட்டு வெளியாகி, கொஞ்சம் பேருடைய போனிலாவது ஏறியிருக்க வேண்டும். அப்போதுதான் முதல் துளி விழும்போது போட்டுக் கேட்க அது கைவசம் இருக்கும். ஒரு பாட்டை முதலில் எந்த வாசனையில், எந்த வெளிச்சத்தில் கேட்டோமோ அது அந்தப் பாட்டோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு எந்த மாதத்தில் கேட்டாலும் அந்த நாள் திரும்பி வருகிறது. வெளியீட்டுத் தேதியைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல காரணம் இதுதான். விற்பனை எல்லாம் அப்புறம்.

நடைமுறையில் இரண்டு விஷயம். ஸ்பாட்டிஃபையில் அவர்களுடைய எடிட்டர்கள் தொகுக்கும் பிளேலிஸ்ட்டுக்கு இன்னும் வெளியாகாத பாட்டைத்தான் அனுப்ப முடியும். குறைந்தது ஏழு நாள் முன்னால் அனுப்பினால், உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலிலும் பாட்டு சேரும். அதற்கு முன், உங்கள் சார்பில் இசைத் தளங்களுக்குப் பாட்டை அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் அதை ஏற்றவும் நாள் பிடிக்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அப்புறம், 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புதிய இசை வெள்ளிக்கிழமை வெளியாகிற வழக்கம் வந்திருக்கிறது. அது பெரியவர்கள் மோதிக்கொள்கிற நாள். நீங்கள் செவ்வாயோ புதனோ வந்தாலும் குறையில்லை.

எந்தப் பக்கம் முடிவெடுப்பது என்று இன்னும் தெரியவில்லையா? பாட்டின் பெயரைச் சொல்லாமல் இரண்டு மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். எதைப் பற்றிய பாட்டு என்று கேளுங்கள். மழை என்று சொன்னால் காத்திருங்கள். ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால் இந்த வாரமே தேதி குறித்துவிடுங்கள். வெளியானதும் இணைப்பை அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.