கொமிஷன் கொடுத்தும் விற்பனை ஏறாத கடை

அண்ணன், கொழும்புப் புறக்கோட்டைத் துணிக்கடையில் ஆளுக்கு ஆள் கொமிஷன் வைத்த பிறகு பெடியன்கள் சண்டை பிடிக்கிறார்கள், விற்பனை மட்டும் ஏறவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏறாதுதான். நானும் அப்படியொரு கடையில் நின்றவன். சேலை பார்க்க வந்தவரைப் பாய்ந்து பிடிப்போம். விரித்துப்போட்ட சேலைகளை மடிக்க ஒருவரும் வரமாட்டோம், அதற்குக் காசு இல்லையே!

கொமிஷனை முழுக் கடைக்கும் பொதுவாக்கிப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு இரண்டு ஸ்டூல் போடுங்கள். 1959இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: சம்பளமும் வசதியும் குறைந்தால் மனக்குறை வரும், வேலையில் பிடிப்பு வருவது பாராட்டாலும் பொறுப்பாலும். சரக்கு எடுக்கப் போகும்போது ஒரு பெடியனையும் கூட்டிப்போங்கள்.

மற்றது, கொமிஷனுக்கும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டவேண்டும். உங்கள் பங்கு 12 வீதம்.