மேடையில் மாண்டலின்: கேள்வி பதில்

கோயில் விழா, கல்யாணம், பிரேயர் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் மாண்டலின் வாசிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலும் மரப்பெட்டி மாண்டலினைப் பற்றித்தான் பேசப் போகிறோம். மின் மாண்டலின் நடுவில் ஒருமுறை வந்துபோகும்.

சாட்ஸ்வொர்த், பஜனைக் குழு: அங்கிள், வீட்டில் இனிமையாகக் கேட்கிற மாண்டலின், ஹாலில் மைக் வைத்ததும் ஊளையிடுகிறது. விலை கூடிய மைக் வாங்கினால் சரியாகுமா?

வாங்குவதற்கு முன்னால் மானிட்டர் ஸ்பீக்கர், அதாவது வாசிக்கிறவர்கள் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர், எங்கே இருக்கிறது என்று பாருங்கள் தம்பி. மைக் எடுத்த ஒலி மானிட்டரில் வருகிறது, அதையே மைக் மறுபடி எடுக்கிறது. ஊளை அங்கேதான் பிறக்கிறது. ஷூர் எஸ்எம் 57 போன்ற, முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் எடுக்கும் கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்புறம்தான் காது மந்தம், அதனால் மானிட்டர் மைக்கின் முதுகுக்கு நேராக இருக்க வேண்டும். இன்னும் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டு மைக் என்றால் கணக்கு வேறு: அது பின்னால் கொஞ்சம் கேட்கும், பின்பக்க ஓரங்களில்தான் மந்தம். மானிட்டரைச் சற்றுச் சாய்வாக நகர்த்துங்கள்.

அப்புறம் மைக்கை எங்கே காட்டுகிறீர்கள்? பலர் ஒலி வெளியே வரும் துளைக்கு நேராக வைக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று பெரும்பாலான மாண்டலின்களில் 200 ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் அதிர்கிறது. உங்கள் தடித்த ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே இடத்தில் கூடினால் 'பூம்' என்று வீங்காமல் என்ன செய்யும்? கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து, ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் மைக்குக்குச் சுமார் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், அந்த அளவு மிக்சரில் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை)க் குறைத்துக்கொள்ளலாம். பாடாதவர்களின் மைக்குகளையும் மூடிவிடுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஊளை வருமுன் ஒலியைக் கூட்ட உங்களுக்கு இருக்கும் இடம் 3 டெசிபல் சுருங்குகிறது. பஜனை மேடையில் எட்டு மைக் திறந்து கிடப்பது சாதாரணம்.

இவ்வளவும் செய்த பிறகும் மைக் போதவில்லை என்றால் வாங்கலாம். பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்காது.

பீனிக்ஸ்: எங்கள் மேடையில் பக்கத்திலேயே நாதஸ்வரமும் தவிலும். மாண்டலின் மைக்கில் தவில்தான் வருகிறது.

வரத்தான் செய்யும். தவில் பக்கத்தில் மைக்கை மறந்துவிடுங்கள். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் ஈஸ்டர் விழா போன்ற கூட்டத்தில் வாசிக்கிறீர்கள் என்றால் குதிரையில் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில்) பொருத்தும், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ பிக்கப் மட்டுமே கை கொடுக்கும். அது காற்றின் ஒலியைக் கேட்பதில்லை, குதிரையின் அதிர்வைத்தான் கேட்கிறது. இயற்கையான தொனியில் கொஞ்சம் இழப்பீர்கள். ஆனால் கடைசி வரிசைக்கு நீங்கள் வாசிக்கும் ராகமாவது போய்ச் சேரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: அந்த பீசோவைத்தான் போட்டேன் அண்ணா. தகரத்தைத் தட்டுவது போல இருக்கிறது. பிக்கப் கெட்டதா?

எதில் சொருகினீர்கள் என்று சொல்லவில்லையே! நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் என்றால் குற்றம் பிக்கப் மேல் இல்லை. பீசோ மின்சாரக் கணக்கில் ஒரு சின்ன கெப்பாசிட்டர். அதை வாங்கிக்கொள்ளும் கருவியின் உள்ளீட்டு மின்தடை குறைவாக இருந்தால் கீழ் ஸ்வரங்களெல்லாம் வடிந்துபோய்விடும். 1 நானோஃபாரட் உள்ள பிக்கப் என்று வைத்துக்கொள்வோம். 1 மெகாஓம் உள்ளீட்டில் சொருகினால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் குறையத் தொடங்கும், ஜி தந்திக்கு அது போதும். 100 கிலோஓமில் சொருகினால் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதெல்லாம் மெலியும். லைன் உள்ளீடுகள் பல 10 கிலோஓம்தான். உங்கள் தகரத்தின் கதை இதுதான்.

பீசோவுக்கென்றே செய்த டிஐ பாக்ஸ், அதாவது வாத்தியத்துக்கும் மிக்சருக்கும் நடுவில் வைக்கும் சின்னப் பெட்டி, ஒன்று வாங்குங்கள். ரேடியல் பிஇசட்-டிஐ, எல்ஆர் பேக்ஸ் பாரா டிஐ இரண்டுமே 10 மெகாஓம் வரை கொடுக்கும். மாண்டலினிலிருந்து டிஐ வரை வயர் சின்னதாக இருக்கட்டும், அங்கிருந்து மிக்சருக்கு எக்ஸ்எல்ஆர் வயரில் (மைக்குக்குப் போடும் மூன்று பின் வயர்) எவ்வளவு தூரமும் போகலாம். அதன் பிறகும் மூக்கால் பேசுவது போல் இருந்தால் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடி, தொல்லை தரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் குறையுங்கள். பிக்கப்புக்காகக் குதிரையை எடுத்து மாட்டியிருந்தால் அதன் இடம் நகர்ந்திருக்கும். 12-ஆம் கட்டையில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாகும்வரை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

டோங்காட், இசை ஆசிரியை: கர்நாடக இசைக்கு மரப்பெட்டி மாண்டலினின் ஒலியைப் பெருக்கினால் கமகம் கேட்கவில்லை. மின் மாண்டலினுக்கு மாறிவிடலாமா?

மாறலாம் அக்கா, தயங்க வேண்டாம். இரட்டைத் தந்தியை இழுத்து வாசிப்பது கஷ்டம். ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும், பெருக்கியால் அதை நீட்ட முடியாது. யு. ஸ்ரீநிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்தி மின் மாண்டலினில் வாசித்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு விஷயம் மட்டும்: அதில் இருப்பது காந்தப் பிக்கப், இரும்பும் நிக்கலும் அசைவதைத்தான் அது உணரும். வெண்கலம் சுற்றிய தந்தி போட்டால் அந்தத் தந்திகள் மெலிந்து கேட்கும். நிக்கல் சுற்றியதைக் கேட்டு வாங்குங்கள்.

சாட்ஸ்வொர்த், மறுபடியும்: மைக், பிக்கப் இரண்டையும் சேர்த்துத் திறந்தால் ஒலி குழாய்க்குள் இருப்பது போல் ஆகிறது. ஏன்?

பிக்கப் உடனே கேட்கிறது, மைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது. 34 சென்டிமீட்டருக்கு 1 மில்லிசெகண்ட். இரண்டும் கலக்கும்போது சில ஸ்வரங்கள் ஒன்றையொன்று வெட்டிவிடும். டிஐயில் இருக்கும் போலாரிட்டி பொத்தானை (ஒலி அலையைத் தலைகீழாக்குவது) அழுத்திப் பாருங்கள், எது கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: மானிட்டருக்கு பிக்கப் மட்டும், கூட்டத்துக்கு இரண்டும். மைக்கின் ஒலி மானிட்டருக்கே போகாததால் ஊளைக்கான வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது.

மெரிபேங்க்: கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டால் ஒரே 'ம்ம்ம்' சத்தம். ஒருவர் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொன்னார்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் பலர் சொன்ன யோசனைதான், ஆனால் ஆபத்தானது. எங்காவது மின்கசிவு இருந்தால் உலோகத் தந்தியைத் தொட்டுக்கொண்டு, மைக்கில் உதடு படப் பாடுகிறவர் வழியாகத்தான் அது பாயும். நம் மூன்று பின் பிளக்கின் பெரிய பின் சும்மா வைத்ததல்ல. டிஐ பாக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது ஒலி வயரின் கிரவுண்டை மட்டும் பிரிக்கும். அதைப் போடுங்கள். மிக்சர், ஆம்ப், மேடைச் சாமான்கள் எல்லாம் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து போகட்டும்.

பீனிக்ஸ்: சவுண்ட் செக்கில் நன்றாக இருந்தது கச்சேரியில் கெட்டுவிடுகிறது.

செக்கில் என்ன வாசித்தீர்கள்? மெல்லிசாக ஓர் ஆலாபனை வாசித்துவிட்டு, கச்சேரியில் தாளக்கட்டோடு அடித்து வாசித்தால் வேறு வாத்தியம் போல்தான் இருக்கும். உங்களிடம் இருப்பதிலேயே வேகமான, சத்தமான உருப்படியை முதலில் வாசியுங்கள், மிருதங்கக்காரரையும் கூடவே வாசிக்கச் சொல்லுங்கள். சவுண்ட்காரரிடம் "கொஞ்சம் இனிமையா வைங்க அண்ணா" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள், 200 பக்கத்தில் வீக்கம் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். சுருதி இறக்கி வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த 150-ஐயும் அதற்கேற்ப இறக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தடித்த தந்தியின் பாதி உடம்பு போய்விடும்.