மிளகாய், மல்லி, மில்: பொடி அரைக்கும் வீடுகளின் கேள்விகள்

பங்குனி பிறந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மொட்டை மாடிகளில் மிளகாய் காயத் தொடங்கிவிடும். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பொடி அரைப்பதைப் பற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: வருடத்துக்கு ஒரு முறை மூன்று கிலோ சாம்பார் பொடி அரைத்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். "பாக்கெட்டே மலிவு, இந்த வெயிலில் எதற்கு இந்த வேலை?" என்கிறாள் மருமகள். உண்மையில் எது லாபம்? (ஒரு வாசகி, பாப்பாரப்பட்டி)

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு நடுத்தரமான சாம்பார் பொடிக்கு மல்லி அரைக் கிலோ, மிளகாய் கால் கிலோ, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம், மிளகும் சீரகமும் ஐம்பது ஐம்பது, வெந்தயமும் மஞ்சளும் இருபத்தைந்து இருபத்தைந்து. மொத்தம் 1,100 கிராம். காம்பு கிள்ளி, காய வைத்து, மில்லில் ஒட்டியதும் போக, கைக்கு வருவது ஏறக்குறைய ஒரு கிலோ.

விலைக்கு, கணக்குக்காக நான் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். நீங்கள் உங்கள் கடை ரசீதில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் கிலோ 240, மல்லி 140, துவரம்பருப்பு 160, கடலைப்பருப்பு 100, மிளகு 800, சீரகம் 360, வெந்தயம் 120, மஞ்சள் 200 என்று வைத்தால் சாமான் செலவு 222 ரூபாய். அரவைக் கூலியும் போக வர ஆகும் செலவும் சேர்த்து 28 ரூபாய் என்றால் கிலோ 250. ஒரு கிராம் 25 காசு.

இனி பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராம் என்ன விலை என்பதையும் இப்போது அச்சிட்டிருப்பார்கள். சட்டப்படி அது இருக்க வேண்டும். அந்த எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்கிற கணக்கெல்லாம் அங்கே அடங்கிவிடும்.

விலை மட்டும் பார்த்தால் போதாது. அதே பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் போட வேண்டும் என்பது விதி. மேலே நான் சொன்ன கணக்கில் மிளகு எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. ஆனால் சாமான் செலவில் 40 ரூபாய் அதற்கே போகிறது. விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்கிற இடமும் அதுதான். பட்டியலில் உப்பும் ஏதாவது மாவும் முன்வரிசையில் நின்று, மிளகும் சீரகமும் கடைசியில் ஒதுங்கியிருந்தால், நீங்கள் சாம்பார் பொடி விலை கொடுத்து உப்பும் மாவும் வாங்குகிறீர்கள்.

சரி, அப்படியானால் வீட்டில் அரைப்பதே லாபமா? உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஆறேழு பேர் சாப்பிடுகிற வீட்டில் மாதம் கால் கிலோ செலவாகும். மூன்று கிலோ ஒரு வருடத்துக்குச் சரியாக வரும். ஆனால் அப்போதும் மூன்று கிலோவையும் ஒரே நாளில் அரைக்காதீர்கள் என்பேன். மிளகாயையும் மல்லியையும் அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கிக் காய வைத்து, முழுசாகவே மூடி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முக்கால் கிலோ அரைத்தால் போதும். அரைத்த நாளிலிருந்தே வாசனை போக ஆரம்பித்துவிடும். முழு மல்லியில் அது அவ்வளவு சீக்கிரம் போகாது. உங்கள் மருமகளும் மகனும் தனிக்குடித்தனம் போய் இரண்டே பேர் சமைக்கிறார்கள் என்றால், அவர்களுக்கு நல்ல சேர்மானம் உள்ள நூறு கிராம் பாக்கெட்டே உத்தமம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மிளகாய் நல்ல சிவப்பாக, விலையும் குறைவாகக் கிடைத்தது. இரண்டு கிலோ வாங்கினேன். வீட்டில் காய வைத்த பிறகு ஒன்றரைக் கிலோகூட இல்லை. உள்ளே சில காய்கள் கறுத்திருந்தன. ஏமாந்துவிட்டேனா? (ஒரு வாசகர், மத்தூர்)

தண்ணீருக்கு விலை கொடுத்திருக்கிறீர்கள். எடை ஏறுவதற்காக மிளகாய் மேல் தண்ணீர் தெளிப்பது பழைய வேலைதான். நன்றாகக் காய்ந்த மிளகாயைக் கையில் அள்ளிக் குலுக்கினால் விதை உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மூட்டையின் மேலே இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாமல், கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். சந்தையில் ஒரே ஒரு மிளகாய்க் கடையா இருக்கிறது?

கறுத்த காய்தான் எனக்குக் கவலை தருகிறது. ஈரத்தோடு மூட்டை கட்டிய மிளகாயில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைப் பாதிக்கக் கூடியது, வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. ஒவ்வொரு காயையும் பிளந்து பார்க்க முடியாது என்பது உண்மைதான். பத்துக் காயை ஒடித்துப் பாருங்கள். ஒன்றிரண்டில் உள்ளே சாம்பல் நிறத் தூள் தெரிந்தால் அந்தக் குவியலே வேண்டாம். இரண்டு கிலோவும் வாங்கியாகிவிட்டது என்று அரைத்துவிடாதீர்கள். கறுத்ததை ஒதுக்குங்கள். நிறைய இருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுவது நல்லது.

சிவப்பு என்றால் காரம் என்றும் நினைக்க வேண்டாம். ஓசூர்ப் பக்கம் கர்நாடகத்திலிருந்து வரும் பேடகி மிளகாய் சுருக்கம் சுருக்கமாக, கருஞ்சிவப்பாக இருக்கும். நிறம் அள்ளிக் கொடுக்கும், காரம் கம்மி. ஆந்திராவின் குண்டூர் மிளகாய் நாக்கைப் பிடித்து இழுக்கும். இராமநாதபுரம் முண்டு தனி ருசி. 2023-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. குழம்புப் பொடிக்கு இரண்டு பங்கு குண்டூரும் ஒரு பங்கு பேடகியும் கலந்தால் நிறத்துக்கு நிறம், காரத்துக்குக் காரம். காம்போடு இருக்கிற மிளகாய் கிலோவுக்குக் கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆனால் காம்பின் எடையும் அதில்தான் சேரும். கிள்ள வீட்டில் ஆள் இருந்தால் அதையே வாங்குங்கள். காம்போடு இருக்கிற காய் நீண்ட நாள் தாங்கும்.

எடை விஷயத்தில் இன்னொன்று. தராசில் முத்திரை இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. எடைக்கல்லுக்குப் பதில் ஜல்லிக்கல்லை வைத்து நிறுப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். எடைக் குறைவுப் புகார் நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைக்குத்தான் போகும்.

கேள்வி: மளிகைக் கடையில் சாக்கிலிருந்து அள்ளித் தரும் மிளகாய்த்தூளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். சாயம் இறங்கவில்லை. தைரியமாக வாங்கலாமா? (ஒரு வாசகி, கிருஷ்ணகிரி)

வாங்க வேண்டாம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி அரைத்த மசாலாத் தூள்களைப் பாக்கெட் போட்டுத்தான் விற்க வேண்டும். சாக்கிலிருந்து அள்ளித் தருவதே தவறு.

தண்ணீர்ச் சோதனை ஓரளவுக்குத்தான் உதவும். கண்ணாடித் தம்ளர் தண்ணீரின் மேல் தூளைத் தூவும்போது சிவப்பு நிறம் கோடு கோடாகக் கீழே இறங்கினால் சாயம் இருக்கலாம். அடியில் சட்டென்று படிந்ததை விரலால் தேய்த்து நறநறவென்றால் செங்கல் தூள் அல்லது மண். ஆனால் சூடான் என்ற பெயரில் வரும் சாயங்கள் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. ஆகவே உங்கள் தம்ளர் அதைக் காட்டிக்கொடுக்காது.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வகம்தான். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்க வழி செய்கிறது. சேலத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னதும் அவர் எந்தச் சாக்கிலிருந்து அள்ளுகிறார் என்று பாருங்கள், அதுவே பாதி முடிவு. தூளில் குறை என்று அறிக்கை வந்தால் நீங்கள் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

ஒரு சின்னத் தகவல்: பாக்கெட் மிளகாய்த்தூளில் சமையல் எண்ணெய் 2 சதவீதம் வரை சேர்க்க அனுமதி உண்டு, அதை மேலே எழுதியிருக்க வேண்டும். எண்ணெய் என்று பார்த்ததும் பயப்பட வேண்டாம். செயற்கை நிறத்துக்கு அனுமதியே கிடையாது.

கேள்வி: மில்லில் எங்கள் மிளகாயோடு முன்னால் வந்தவரின் பொடியும் கலந்துவிடுகிறது. என்ன செய்வது? (பென்னாகரம்)

முதலில் ஒரு பிடி உங்கள் மல்லியை ஓட்டச் சொல்லி, அதைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன்னும் வாங்கிய பின்னும் நிறுத்துப் பாருங்கள். கொஞ்சம் குறைவது இயல்பு, கிலோவுக்கு நூறு கிராமுக்கு மேல் குறைந்தால் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல் காகிதத்தில் பரப்பி ஆற வையுங்கள்.

கேள்வி: கொள்ளுப் பொடி அரைத்தால் ஒரு மாதத்தில் கட்டி கட்டியாகி, ஒரு மாதிரி வாடை வருகிறது. டப்பாவை மாற்றியும் பயனில்லை. பெரிய விலையில் காற்றுப் புகாத டப்பா வாங்கலாமா? (ஒரு வாசகி, பாலக்கோடு)

டப்பாவுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் பொடிக்குள் என்ன போடுகிறீர்கள் என்று பார்ப்போம். உங்கள் கடிதத்திலேயே "வீட்டு மரத்துப் புதுப்புளி" என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுவாகத்தான் இருக்கும். தருமபுரிப் புளிக்குப் பெயர் இருக்கலாம், ஆனால் மாசி, பங்குனியில் கொட்டை எடுத்த புதுப்புளியில் ஈரம் அதிகம். உப்புப் போட்டு உருட்டி வைத்த புளி என்றால் அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். போன வருடத்துப் பழம்புளியை நார் நீக்கி, சின்னச் சின்னதாகப் பிய்த்து, வெறும் சட்டியில் சிறு தீயில் மொரமொரப்பாகும்வரை வறுத்துப் போடுங்கள். கறிவேப்பிலையும் கையில் நொறுங்க வேண்டும். பூண்டும் கொப்பரையும் சேர்த்தால் பொடியின் ஆயுள் குறையும். பூண்டில் ஈரம் உண்டு, கொப்பரை காறிவிடும். அவை இல்லாமல் அரைத்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக்கொள்ளலாம். களிக்குத் தொட்டுக்கொள்ளவும் அப்படித்தான் ருசி.

வண்டுக்கு வழி வேறு. ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் முழு மல்லியையும் கொள்ளையும் வாங்கியதும் இறுக மூடி, ஃபிரீசரில் நாலைந்து நாள் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர் முழுதாக விட்ட பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர் கோக்கும். கண்ணாடி ஜாடி, எவர்சில்வர் தூக்கு எதுவானாலும் போதும். அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள், கொதிக்கிற குழம்பின் மேல் ஜாடியைச் சாய்த்துக் கொட்டாதீர்கள்.

கேள்வி: ஓசூரில் எங்கள் குடியிருப்பில் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து வீட்டுப் பொடி விற்கிறார். 180 ரூபாய்க்கு வாங்கிய ரசப்பொடியில் புழு இருந்தது. "வீட்டில் செய்தது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பணம் திரும்பக் கேட்க முடியுமா? (ஒரு வாசகர்)

தாராளமாகக் கேட்கலாம். வீட்டில் செய்தாலும் விற்றால் அது உணவு வணிகம்தான். சிறு அளவில் செய்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். சேர்மானம், எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, தயாரித்தவர் முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி, இவையும் இருக்க வேண்டும். மேலே ஸ்டிக்கர்கூட இல்லாத கவரில் வாங்கும்போது அடுத்த முறை யோசியுங்கள்.

முதலில் பாக்கெட்டைக் கொட்டாமல் மூடி வையுங்கள். படம் எடுங்கள். ஆர்டர் போட்ட செய்தி, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். பிறகு அவருக்கே மரியாதையாக எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்தானே, பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொடியின் தரத்தைப் பற்றிய புகார் என்றால் கிருஷ்ணகிரியில் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமும் கிடையாது. ஆனால் 180 ரூபாய்க்காக ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நாலு தடவை பஸ் ஏறுவீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் நியமன அலுவலருக்கு ஒரு மனு எழுதி, படத்தையும் இணைத்து அனுப்பிவிடுவேன். அவருடைய பொடியை வாங்கும் மற்ற வீடுகளுக்கும் அது உதவும்.