விட்டுப் பிடிக்கத் தெரிந்த கை: பாய்மரப் படகு, வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன்பு, அடியில் கனமான இரும்புக் கீல் (நீருக்குள் தொங்கும் துடுப்பு போன்ற பகுதி) பொருத்திய, 18 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். மெல்லிய காற்றில் சொன்னபடி கேட்கும் படகு, காற்று சற்று வலுத்ததும் ஒருபுறமாகச் சாய்கிறது. சுக்கான்பிடியை நான் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் காற்று வரும் திசையை நோக்கியே திரும்புகிறது. கோளாறு சுக்கானிலா, என்னிடமா?

பதில்: சுக்கானைக் குற்றம் சொல்வதற்கு முன்பு, உங்கள் மற்றொரு கையில் இருக்கும் கயிற்றைப் பாருங்கள். பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிற்றைப் படகோட்டிகள் ஷீட் என்பார்கள். காற்று வலுத்ததும் புதியவர்கள் அனைவரும் பயத்தில் அதை மேலும் இறுக்குகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். இறுக்க இறுக்கப் படகு சாய்கிறது. சாய்ந்த படகில் பாய் நீரின் மேல் ஒருபுறமாகத் தள்ளி நிற்க, படகின் உடல் வேறொரு கோட்டில் நீரை எதிர்த்துக்கொண்டிருப்பதால், காற்று முன்னே தள்ளும் விசையே படகைத் திருப்பும் விசையாகவும் மாறிவிடுகிறது. அதைச் சுக்கானால் மட்டும் அடக்கப் பார்த்தால், முழுவதுமாகத் திருப்பப்பட்ட சுக்கான் திசைகாட்டும் வேலையை விட்டுவிட்டு பிரேக் போடும் வேலையைத்தான் செய்யும்.

தமிழில் "விட்டுப் பிடி" என்று ஒரு வழக்கு உண்டு. படகுக்கென்றே பிறந்ததோ என்று நான் நினைப்பதுண்டு. காற்று ஓங்கி அடிக்கும்போது ஷீட்டை ஒரு சாண் விடுங்கள். பாயின் முன்விளிம்பு லேசாகப் படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்பு அடங்கும் அளவுக்கு மட்டும் மீண்டும் இழுங்கள். படகு நிமிரும், சுக்கான்பிடி இரண்டு விரல்களுக்கு அடங்கும், வேகமும் பெரும்பாலும் கூடும். இதைச் சொல்லி நம்பவைப்பது கடினம், ஒருமுறை செய்துபார்த்தால் போதும்.

விட்டும் அடங்கவில்லையென்றால் பாயின் பரப்பைச் சுருக்க வேண்டும். அதற்கு ரீஃப் செய்தல் என்று பெயர். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மீதான விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது என்பதை மறக்காதீர்கள். 10 நாட் காற்றில் இனிமையாக ஓடிய அதே பாய் 20 நாட் காற்றில் வேறு மிருகம். (ஒரு நாட் என்பது மணிக்கு 1852 மீட்டர்.) கையில் கருவி இல்லையென்றால் கண்ணே போதும். 1805-ஆம் ஆண்டு பிரான்சிஸ் போஃபோர்ட் வகுத்த காற்றளவையின் இன்றைய வடிவில், நீர்ப்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தெரிந்தால் மூன்றாம் நிலை. வெண்ணுரை ஓரளவு அடிக்கடி தெரிந்தால் நான்காம் நிலை, அதாவது 11 முதல் 16 நாட். உங்கள் அனுபவத்துக்கு நான்காம் நிலையே சுருக்க வேண்டிய நேரம். அதையும் கரையிலேயே, பாய் அசையாதபோது நான்கைந்து முறை செய்து கை பழக்கிக்கொள்ளுங்கள்.

கவிழ்ந்துவிடுமோ என்ற அச்சத்தையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சாயச் சாயப் பாயில் பிடிபடும் காற்று குறைகிறது, கீலின் எடை நிமிர்த்தும் ஆற்றல் கூடுகிறது. ஆகையால் உங்கள் படகு ஒரு வீச்சில் கவிழ்வது அரிது. ஆனால் கனமான கீல் இல்லாத சிறு படகுகள் சுலபமாகக் கவிழும். அவற்றில் ஷீட்டை எங்கும் கட்டிப்போடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: காற்று தள்ளித்தான் படகு நகர்கிறது என்றால், காற்றுக்கு எதிரே எப்படிப் போக முடிகிறது?

பதில்: நேர் எதிரே யாராலும் போக முடியாது. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை வரை படகுக்குக் கதவடைப்புதான். அந்த எல்லையை ஒட்டிச் செல்லும்போது காற்று பாயைப் பின்னாலிருந்து தள்ளுவதில்லை. வளைந்த பாயின் இருபுறமும் ஓடித் திசைமாறி, விமானத்தின் இறக்கையைப் போல அதை ஒருபக்கமாக இழுக்கிறது. அந்த இழுப்பின் பெரும்பகுதி பக்கவாட்டிலானது. அதை நீருக்குள் இருக்கும் கீல் தடுத்துவிட, மிஞ்சிய சிறு பங்கு படகை முன்னே கொண்டுபோகிறது. வலப்புறம் சற்றுத் தூரம், இடப்புறம் சற்றுத் தூரம் என்று மாறி மாறிச் சென்றால், நேர்கோட்டில் 10 கிலோமீட்டர் உள்ள இடத்தை அடைய 14 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டியிருக்கும். அவசரக்காரர்களுக்கு மோட்டார் படகு இருக்கிறது.

கேள்வி: வாங்கியது முதல் எட்டு விடுமுறை நாட்களில் மூன்று நாட்கள்தான் படகு ஓடியது, மீதி ஐந்து நாட்களும் சுரண்டினேன், தேய்த்தேன், வண்ணம் பூசினேன். "படகு வாங்கினாயா, வேலை வாங்கினாயா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: இரண்டையும்தான் வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். எட்டில் மூன்று நல்ல கணக்கு; என் முதல் ஆண்டில் அதுகூடத் தேறவில்லை.

கடல்நீரில் நிற்கும் படகு ஒருபோதும் சும்மா நிற்பதில்லை. அடியில் பாசியும், சிப்பிபோல் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் ஏறுகின்றன. வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று அரிக்கின்றன. அதனால்தான் தான் கரைந்து மற்றவற்றைக் காக்கும்படி ஒரு துத்தநாகத் துண்டைப் பொருத்திவைக்கிறோம். அது பாதி கரைந்திருந்தால் நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். புத்தம்புதிதாகவே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வெயில் கயிற்றையும் பாயின் தையலையும் தின்கிறது. இவற்றை விரல்களால் தடவித் தெரிந்துகொண்டவர்தான், இருட்டில் ஒரு கயிறு அறுந்தால் எது அறுந்தது என்று சத்தத்திலேயே அறிவார்.

நான் பாடம் கற்ற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் படகின் பின்புறத்தில், கரையேற்றியபின் நீர் வடிவதற்கென்று ஒரு துளையும் அதற்குப் பித்தளை அடைப்பான் ஒன்றும் இருந்தன. ஒருநாள் உற்சாகமாகப் படகை நீரில் இறக்கி, பாயை ஏற்றிப் பத்து நிமிடம் சென்றிருப்பேன். படகு ஏனோ சோம்பலாக நகர்ந்தது. குனிந்து பார்த்தால் கணுக்கால் வரை நீர், அதில் துடைக்கும் பஞ்சு ஒன்று நிதானமாக என்னை நோக்கி மிதந்து வருகிறது. முகத்தைத் துடைக்கக் கைக்குட்டை எடுக்கப் பையில் கைவிட்டபோது, அடைப்பான் விரலில் தட்டியது. அன்று இறைத்த வாளிகளை நான் எண்ணவில்லை. மறுநாளே அதை ஒரு நூலில் கோத்துச் சுக்கான்பிடியில் கட்டிவிட்டேன். துளையில் பொருத்தாமல் சுக்கானைத் தொட முடியாது.

கேள்வி: எத்தனை முடிச்சுகள் தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: மூன்று. இறுகாத கண்ணி போடும் போலைன், கயிற்றின் நுனி துளை வழியே நழுவாமல் தடுக்கும் எட்டு வடிவ முடிச்சு, கட்டுக்கொம்பில் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் இரு கொம்புள்ள முளையில்) படகைக் கட்டும் முறை. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு, ஈரக் கயிற்றில் போட வர வேண்டும். முப்பது முடிச்சுகளைப் படத்தைப் பார்த்துப் போடுபவரைவிட நீங்கள் பாதுகாப்பானவர்.

கேள்வி: நங்கூரம் போட்டுத் தூங்கினோம், விழித்தபோது வேறிடத்தில் இருந்தோம். இன்னும் கனமான நங்கூரம் வாங்க வேண்டுமா?

பதில்: "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது நங்கூரத்துக்கும் பொருந்தும். கனத்தைவிடக் கயிற்றின் நீளமே முக்கியம். கயிறு குட்டையாக இருந்தால் படகு நங்கூரத்தை மேல்நோக்கிப் பெயர்க்கும். நீளமாக இருந்தால் கிடையாக இழுத்து மண்ணில் இன்னும் புதைக்கும். ஆழம் 4 மீட்டர், ஏற்றத்தில் உயரக்கூடிய நீர் 1 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் 1 மீட்டர் என்றால் மொத்தம் 6. கயிறானால் அதைப்போல் ஏழு மடங்கு, 42 மீட்டர் விடுங்கள். முழுவதும் சங்கிலியானால் ஐந்து மடங்கு போதும். நீங்கள் கணக்கிட்டபோது ஏற்றநீரையும் அணியத்தையும் விட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம். தூங்கும் முன் கரையில் ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களைக் குறித்துக்கொண்டு, அரைமணி கழித்து மீண்டும் பாருங்கள்.

கேள்வி: இரு பாய்ப்படகுகள் எதிரெதிரே வந்தால் யார் வழிவிட வேண்டும்?

பதில்: 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இடப்புறத்திலிருந்து காற்று வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கக் காற்றில் இருந்தால், காற்று வரும் பக்கத்தில் இருப்பது விலக வேண்டும். முந்திச் செல்பவர் எவராயினும் ஒதுங்கியே செல்ல வேண்டும். குறுகிய வழித்தடத்தில் பெரிய கப்பல் வந்தால், பாய்க்கு முன்னுரிமை என்று அதன் முன்னால் நிற்காதீர்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. பாய்மரப் படகு ஓட்டலாமா?

பதில்: 1895 முதல் 1898 வரை தனியொருவராக உலகைச் சுற்றிவந்த முதல் மனிதரான ஜோசுவா ஸ்லோகமுக்கு நீச்சல் தெரியாது. இதைச் சொல்லித் தப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிற்காலத்தில் அவர் தனியே கடலுக்குச் சென்று திரும்பவே இல்லை. நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், அதுவரையிலும் அதன் பிறகும், படகுத்துறையிலேயே மிதவைச் சட்டையை அணிந்துவிடுங்கள்.

கேள்வி: நடுநீரில் காற்று முற்றிலும் நின்றுவிட்டால், எஞ்சினை முடுக்குவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள்? அந்த நேரத்தில் என்னதான் செய்வீர்கள்?

பதில்: நீரோட்டம் பாறையை நோக்கித் தள்ளினாலோ பொழுது சாய்ந்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டேன். மற்றபடி, பாய் சாயும் பக்கத்தில் போய் உட்காருவேன். படகு சற்றுச் சாய்ந்தால் தொய்ந்த பாய் தன் எடையிலேயே வளைவை எடுத்துக்கொள்ளும். ஷீட்டைத் தளர்த்திவிட்டு, தேவையின்றி அசையாமல், நீர்ப்பரப்பில் கருமையான திட்டுகள் தெரிகின்றனவா என்று பார்த்திருப்பேன். காற்று முதலில் அங்கேதான் இறங்கும். சென்ற வாரம் அப்படி ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். காற்றின் போக்கைக் காட்டப் பாயில் ஒட்டியிருந்த கம்பளி நூல் செத்த பல்லிவால்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் சாவியை எடுக்கக் கை நீட்டியபோது நூலின் நுனி மட்டும் ஒருமுறை நிமிர்ந்தது. சாவியை வைத்துவிட்டேன்.